தேர்வு மணி அடிப்பதற்கு முன்னும் பின்னும்: பொதுத்தேர்வுப் பணியில் இருப்போருக்கு ஒரு திறந்த மடல்

பொதுத்தேர்வு மையங்களில் முதன்மைக் கண்காணிப்பாளர்களாகவும், துறை அலுவலர்களாகவும், அறைக் கண்காணிப்பாளர்களாகவும், பறக்கும் படையினராகவும் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கும், அவர்களுக்கான அறிவுரைகளை வகுத்துத் தரும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தினருக்கும், வணக்கம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையிலும், ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் உங்களுள் ஒருத்தியாகத் தேர்வறையில் நிற்பவள் என்ற முறையிலும் இம்மடலை எழுதுகிறேன். வினாத்தாள் கடினமா எளிதா, பாடப்பகுதி கூடுதலா குறைவா, பொதுத்தேர்வு என்ற ஒன்று வேண்டுமா வேண்டாமா என்பவற்றுக்குள் நான் போகவில்லை. காலை ஒன்பதரை மணிக்கு மையத்தின் வாயிலில் தொடங்கி, பத்தே முக்கால் வரை நீளும் ஒன்றேகால் மணி நேரத்தைப் பற்றி மட்டுமே பேச வருகிறேன். ஓராண்டு முழுவதும் படித்ததை ஒரு பிள்ளையால் எடுத்து எழுத முடிகிறதா என்பது, அந்த நேரத்தில் அவளுடைய உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. அதில் நமது குரலுக்கும் நடத்தைக்கும் நாம் எண்ணுவதைவிடப் பெரிய பங்கு இருக்கிறது என்பதே நான் சொல்ல விரும்புவது.

விலங்கியல் தேர்வன்று எனக்கு அறைப் பணி இருக்காது என்பதால், மதியம் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் தேர்வெழுதிய மையத்தின் வாயிலில் நிற்பது வழக்கம். சென்ற தேர்வின்போது அப்படி வெளியே வந்த ஒரு மாணவி, லாக் ஓபரான் (பாக்டீரியாவில் சில மரபணுக்கள் ஒன்றுசேர்ந்து இயங்கும் முறை) வினாவுக்குத் தலைப்பை எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டதோடு சரி, அதற்கு மேல் ஒரு வரிகூட வரவில்லை என்று சொல்லி அழுதாள். "பக்கம் கண்ணு முன்னாடி தெரியுது மிஸ், அதுல எழுத்தே இல்ல" என்பது அவளுடைய சொற்கள். திருப்புதல் தேர்வில் அதே படத்தைப் பிழையில்லாமல் வரைந்தவள் அவள். சற்று நேரம் கழித்து, தண்ணீர் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, நான் எதுவும் கேட்காமலேயே ஐ ஜீன், புரமோட்டார், ஆபரேட்டர், பிறகு இசட், ஒய், ஏ என்று வரிசை மாறாமல் சொல்லி முடித்தாள். உங்களில் பெரும்பாலோர் இத்தகைய பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். இதைப் பார்க்கும்போது நாம் வழக்கமாகச் சொல்வது "சரியாகப் படிக்கவில்லை" அல்லது "பயந்த சுபாவம்" என்பதுதான். இரண்டுமே அந்தப் பிள்ளைக்கு இழைக்கும் அநீதி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன், ஏனெனில் அவளுக்கு நேர்ந்ததை ஆய்வுக்கூடத்தில் அப்படியே உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

1998ஆம் ஆண்டில் டொமினிக் டி கெர்வெயின், பென்னோ ரூசெண்டால், ஜேம்ஸ் மெக்காஃப் ஆகிய மூவரும், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு நீர்த்தொட்டியில், நீர்மட்டத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ஒரு மேடையை நீந்திக் கண்டுபிடிக்க எலிகளுக்கு முதல் நாள் பழக்கினார்கள். மறுநாள் சில எலிகளின் காலில் சிறிய மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டு, மேடை இருந்த இடம் நினைவிருக்கிறதா என்று சோதித்தார்கள். அதிர்ச்சி கொடுத்த இரண்டாவது நிமிடத்தில் சோதித்த எலிகளுக்கு இடம் நன்றாகவே நினைவிருந்தது. நான்கு மணி நேரம் கழித்துச் சோதித்தவற்றுக்கும் நினைவிருந்தது. ஆனால் முப்பது நிமிடம் கழித்துச் சோதித்த எலிகள் முதல் நாள் கற்ற இடத்தைத் தேடித் தடுமாறின. அட்ரினல் சுரப்பியில் மன அழுத்த ஹார்மோன் உருவாவதை மருந்தால் தடுத்துவிட்டபோது, அதே மின்னதிர்ச்சிக்குப் பிறகும் இந்தத் தடுமாற்றம் ஏற்படவில்லை. ஆக, கற்றது அழிந்துபோகவில்லை. குறிப்பிட்ட ஒரு நேரத்துக்கு அதை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, அந்த நேரத்துக்குக் கயிறு எட்டவில்லை.

எலிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. அதே ஆய்வாளர்கள் இதைப் பிறருடன் சேர்ந்து மனிதர்களிடமும் சோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். முந்தைய நாள் மனப்பாடம் செய்த சொற்களை நினைவுகூர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு, உடலுக்குள் மன அழுத்த ஹார்மோனாக மாறும் கார்டிசோன் மாத்திரையை விழுங்கியவர்கள், மருந்தில்லா மாத்திரை விழுங்கிய நாளைவிடக் குறைவான சொற்களையே சொன்னார்கள். அதே மாத்திரையைக் கற்பதற்குச் சற்று முன்போ, கற்ற உடனேயோ கொடுத்தபோது அத்தகைய பாதிப்பு எதுவும் இல்லை. அதன் பிறகு வந்த பல ஆய்வுகளும், கற்றதை நினைவிலிருந்து எடுக்கும் வேளையில்தான் இந்த ஹார்மோன் குறுக்கே நிற்கிறது என்பதை உறுதி செய்திருக்கின்றன.

இதன் உடலியல் நாம் பத்தாம் வகுப்பிலேயே நடத்தும் பாடம். அச்சமூட்டும் ஒன்றைச் சந்தித்த சில நொடிகளில் அட்ரினலின் சுரக்கிறது; நெஞ்சு அடித்துக்கொள்கிறது; உள்ளங்கை வியர்த்து ஹால் டிக்கெட்டின் ஓரம் நனைகிறது. இது முதல் அலை. மூளையின் ஹைபோதலாமசிலிருந்து பிட்யூட்டரிக்கும், அங்கிருந்து அட்ரினல் சுரப்பியின் புறணிக்கும் கட்டளை சென்று, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் சுரப்பது இரண்டாவது அலை, இது மெதுவானது. இரத்தத்தில் கார்டிசால் உச்சத்தைத் தொடுவது அதிர்ச்சி தொடங்கி ஏறத்தாழ இருபது முதல் முப்பது நிமிடங்களுக்குப் பிறகே. நினைவைப் பதிந்து எடுத்துத் தரும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இந்த ஹார்மோனுக்கான ஏற்பிகள் மிக அதிகம். அதனால்தான் அதன் விளைவு முதலில் அங்கே தெரிகிறது.

இப்போது நமது கால அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து மணிக்கு வினாத்தாள் தரப்படுகிறது. பத்து நிமிடம் படித்துப் பார்க்க, அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க, பத்தேகால் முதல் ஒன்றேகால் வரை எழுத. ஒன்பதே முக்கால் மணிக்கு வாயிலில் ஒரு பிள்ளையை அதட்டினால், அந்த அதட்டலின் கார்டிசால் உச்சம் மிகச் சரியாக அவள் வினாத்தாளைப் பிரித்து எழுதத் தொடங்கும் வேளையில் வந்து சேர்கிறது. முற்பகல் பதினோரு மணிக்கு அதட்டினால் இத்தனை கேடு இருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முழுத் தேர்வுக்குமான திட்டத்தை மனத்தில் வகுத்துக்கொள்ளும் வேளையைக் குறிபார்த்து அடித்தது போன்ற நேரம், நாம் அறியாமலேயே தேர்ந்துகொண்டிருக்கும் இந்த ஒன்பதே முக்கால்.

எல்லா மன அழுத்தமும் ஒரே அளவுக்குக் கார்டிசாலை உயர்த்துவதில்லை. சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமனி இருவரும் 208 ஆய்வுக்கூடச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டு கூறுகள் சேரும்போதுதான் மிக உயர்ந்த எதிர்வினை வருகிறது என்று கண்டார்கள்: நடப்பதன் மீது தனக்குக் கட்டுப்பாடில்லாத நிலை ஒன்று, பிறர் பார்வையில் தான் தாழ்வாக மதிப்பிடப்படுகிறோம் என்ற உணர்வு மற்றொன்று. மன அழுத்த ஆய்வாளர்கள் இன்று உலகெங்கும் பயன்படுத்தும் ட்ரியர் சோதனையும் இதையே அடிப்படையாகக் கொண்டது. 1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவான அச்சோதனையில், முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத குழுவின் முன் நின்று ஒருவர் பேச வேண்டும். பிறகு ஒரு பெரிய எண்ணிலிருந்து 13ஐத் தொடர்ந்து கழித்துக்கொண்டே போக வேண்டும். தவறினால் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். யாரும் தொடுவதில்லை, திட்டுவதும் இல்லை. அதற்கே பெரும்பாலானோரின் கார்டிசால் அளவு கூர்மையாக உயர்ந்துவிடுகிறது.

நமது மையங்களில் நடப்பதை இந்த இரண்டு கூறுகளின் வழியே பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பழக்கமில்லாத வேறொரு பள்ளி, அறிவிப்புப் பலகையில் தனது பதிவெண்ணைத் தேடும் கூட்டம், சில மையங்களில் காலணியையும் பெல்ட்டையும் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலுடன் வரிசையில் நிற்பது, ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து கொட்டிக் காட்டச் சொல்வது, எல்லோர் முன்னிலையிலும் ஒருவரைத் தனியே நிறுத்தி, "பிட் வெச்சிருக்கியா?" என்று உரத்த குரலில் கேட்பது. சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காப்பியடிப்பதைத் தடுப்பது நேர்மையாகப் படித்த பிள்ளைக்கு நாம் செய்யும் கடமை. அதில் விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் சோதனையின் கறார்த்தன்மை வேறு, அதைச் செய்யும் குரல் வேறு. பையைத் திறந்து பார்க்கும் அதே கைகள், "வைம்மா, பார்த்துட்டேன், உள்ளே போ" என்று சொல்லிக்கொண்டே பார்க்கலாம். மாணவியரைப் பெண் ஆசிரியர் தனியிடத்தில் சோதிப்பதும், அதை ஒன்பதரைக்கே தொடங்கி அவசரமில்லாமல் முடிப்பதும் இயலாத செயல்கள் அல்ல.

நினைவைவிடவும் சிந்தனைக்கு நேரும் பாதிப்பே எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனெனில் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன் மூளைப் புறணிதான் ஒரு வினாவின் நிபந்தனைகளை மனத்தில் நிறுத்திக்கொண்டே அடுத்த படிக்குப் போகவும், முதலில் தோன்றிய விடை சரிதானா என்று தன்னையே தடுத்துக் கேட்கவும் நமக்கு உதவுகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டுகளாகக் காட்டிவந்திருப்பதுபோல், இப்பகுதி மன அழுத்தத்துக்கு மிக எளிதில் பணிந்துவிடும். மூளையின் வேதித் தூதர்களான நார்அட்ரினலினும் டோபமினும் அளவோடு இருக்கும்போது கூர்மையாக இயங்கும் அதே நரம்பு இணைப்புகள், அவை அளவு மீறும்போது வலுவிழக்கின்றன. அப்போது மூளை, யோசித்துச் செய்வதை விட்டுவிட்டுப் பழகியதைச் செய்யும் பாதைக்கு மாறிவிடுகிறது என்பதை லார்ஸ் ஷ்வாபே, ஆலிவர் வோல்ஃப் ஆகியோரின் சோதனைகள் மனிதர்களிடமே காட்டியிருக்கின்றன.

விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்த எவருக்கும் இதன் தடயம் தெரியும். வேறுபடுத்துக என்று கேட்டிருக்கும். பிள்ளை இரண்டுக்கும் தனித்தனியே வரையறை எழுதி வைத்திருக்கும். காரணம் கூறுக என்று கேட்டிருக்கும். நோட்ஸில் இருந்த பத்தி அப்படியே முற்றுப்புள்ளி உட்பட இறங்கியிருக்கும். கணக்குத் தாளில் சூத்திரம் சரியாக இருக்கும், எண்களும் சரியாக இருக்கும், நடுவில் ஒரு கழித்தல் குறி காணாமல் போயிருக்கும், விடை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வந்த பிறகும் திரும்பிப் பார்க்காமல் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்கள். இவற்றையெல்லாம் "வினாவைப் புரிந்துகொள்ளவில்லை" என்று நாம் குறித்துக்கொள்கிறோம். இவற்றில் எத்தனை உண்மையிலேயே புரியாமை, எத்தனை பதற்றம் என்பதை விடைத்தாளை வைத்துப் பிரித்தறிய முடியாது. ஆனால் மதிப்பெண் பட்டியல் இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: கொஞ்சம் பயம் இருந்தால்தானே பிள்ளைகள் படிப்பார்கள் என்று. அதில் உண்மை இருக்கிறது. 1908இலேயே யெர்க்ஸ், டாட்சன் இருவரும் சுண்டெலிகளைப் பழக்கி, எளிய வேலையைக் கற்கத் தூண்டுதல் கூடக் கூட நல்லது, கடினமான வேலைக்கோ நடுத்தரத் தூண்டுதலே நல்லது என்று கண்டார்கள். முழுக்கத் தளர்ந்த நிலையில் யாரும் நன்றாகத் தேர்வெழுதுவதில்லை. மணி அடிக்கும்போது வயிற்றில் எழும் அந்தச் சிறு பரபரப்பு விழிப்பைத் தருகிறது. மேலும், உணர்ச்சி கலந்தது ஆழமாகப் பதியும் என்பதும் மெய்யே. ஆனால் பதிவது எது என்று பார்க்க வேண்டும். வகுப்பில் எல்லோர் முன்னும் திட்டு வாங்கிய நாளைப் பிள்ளை வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருக்கும். திட்டியவரின் முகத்தையும், அவர் கையிலிருந்த பிரம்பையும் மறக்காது. அன்று நடத்திய பாடம் எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தேர்வின் காலையில் பிள்ளையிடம் ஏற்கெனவே போதுமான பரபரப்பு இருக்கிறது. வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் பேருந்திலிருந்தும் அதை அவள் சுமந்துகொண்டுதான் வருகிறாள். அதற்கு மேல் நாம் சேர்ப்பது எதுவும், நடுத்தர அளவைத் தாண்டித் திறன் சரியத் தொடங்கும் பக்கத்துக்கே அவளைத் தள்ளும்.

தளர்வைப் பற்றியும் மிகைப்படுத்தாமல் பேச விரும்புகிறேன். மூச்சுப் பயிற்சி செய்தால் படிக்காத பாடம் வந்துவிடாது. நிமிடத்துக்கு ஆறு முறை என்ற அளவில் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு தணிகிறது என்பது நன்கு அறியப்பட்டது. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் முதல் அலை அடங்குகிறது. இரண்டாவது அலைக்கு மேலும் மேலும் எண்ணெய் ஊற்றாமல் இருக்கிறோம். அதற்கு வேண்டியது இரண்டு மூன்று நிமிடங்களும், யாரும் சத்தம் போடாத ஓர் அறையும் மட்டுமே. ஒன்பதே முக்காலுக்கு இருக்கையில் அமர்ந்துவிட்ட பிள்ளைக்குப் பத்து மணிவரை கிடைக்கும் கால் மணி நேரம் நாம் செலவில்லாமல் தரக்கூடிய ஒன்று.

கற்கும் காலத்திலும் அமைதிக்கு ஒரு பங்கு உண்டு. எடின்பரோவில் மைக்கேலா டூவார் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறுகதையைக் கேட்ட முதியவர்கள் அடுத்த பத்து நிமிடம் மங்கலான அறையில் வெறுமனே கண்மூடி ஓய்ந்திருந்தபோது, அந்தப் பத்து நிமிடத்தை வேறொரு விளையாட்டில் கழித்ததைவிட ஏழு நாட்களுக்குப் பிறகும் கதையை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி, இரவு ஒன்பது மணி வரை ஒரு சிறப்பு வகுப்பின் வாலில் இன்னொன்றைக் கட்டும் பள்ளிகள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பதிவதற்கு இடைவெளி வேண்டும். உறக்கம் அதைவிட முக்கியமாக வேண்டும்.

பள்ளிகள் செய்யக்கூடிய இன்னொன்று, என் பார்வையில் எல்லாவற்றிலும் பயனுள்ளது. 2016இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஏமி ஸ்மித், விக்டோரியா ஃப்ளோர்க்கி, அயன்னா தாமஸ் ஆகியோர் 120 பேரை இரண்டு வகையாகப் படிக்க வைத்தார்கள். ஒரு பாதியினர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மறுபாதியினர் புத்தகத்தை மூடிவிட்டுத் தாமே நினைவுகூர்ந்து பார்த்தார்கள். மறுநாள் மன அழுத்தத்துக்கு உள்ளாக்கியபோது, திரும்பப் படித்தவர்களின் நினைவு குறைந்தது. நினைவுகூர்ந்து பழகியவர்களின் நினைவு குறையவில்லை. நாம் நடத்தும் அலகுத் தேர்வுகளும் திருப்புதல் தேர்வுகளும் இந்தப் பாதுகாப்பைத் தர வல்லவை. ஆனால் அவற்றின் மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படித்து, குறைந்தவர்களை எழுப்பி நிறுத்தி, பெற்றோரை வரவழைத்தால், பதற்றமில்லாமல் நினைவுகூரும் பழக்கம் எங்கே ஏற்படும்? வாரம் ஒருமுறை, மதிப்பெண் பதிவேட்டில் ஏறாத, பிள்ளையே திருத்திக்கொள்ளும் பத்து வினாக்கள் போதும் என்பது வகுப்பறையில் நான் கண்டறிந்தது.

தேர்வுக் காலப் பதற்றத்துக்கும் ஆலோசனை தரும் அரசின் உதவி எண்கள் இயங்குகின்றன. அவற்றுக்காக அரசை நன்றியுடன் பாராட்ட வேண்டும். ஆயினும் பிள்ளை தேர்வறைக்குள் வந்துவிட்ட பிறகு எந்த எண்ணையும் அழைக்க முடியாது. அங்கே இருப்பது நாம் மட்டுமே.

ஆகவே, இயக்ககத்தினரிடம் என் வேண்டுகோள் இவை. மையங்களுக்கு அனுப்பும் அறிவுரைகளில், சோதனையை ஒன்பதே முக்காலுக்குள் முடித்துப் பிள்ளைகளை இருக்கையில் அமர்த்திவிட வேண்டும் என்பதையும், அதன் பின் பத்து மணி வரை அறையில் உரத்த அறிவிப்புகள் வேண்டாம் என்பதையும் சேருங்கள். வினாத்தாள் படிக்கத் தந்திருக்கும் பத்து நிமிடங்கள் அருமையான ஏற்பாடு. அந்த நேரத்தில் வருகைப் பதிவுக்குக் கையெழுத்து வாங்குவது, ஹால் டிக்கெட்டை எடுக்கச் சொல்வது போன்ற வேலைகளை வைக்காதிருந்தால் அது முழுமையாகப் பிள்ளைகளுக்கே கிடைக்கும். பறக்கும் படையினர் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் வரலாம் என்பது அப்படியே இருக்கட்டும். ஆனால் குறிப்பான புகார் எதுவும் இல்லாதபோது பத்தே முக்கால் வரை அறைகளுக்குள் நுழையாமல் இருக்கலாம். நுழையும்போதும், குற்றம் கண்ட பிள்ளையை அறைக்கு நடுவே நிறுத்தி விசாரிக்காமல் வெளியே அழைத்துச் சென்று விசாரித்தால், குற்றமற்ற மற்ற பத்தொன்பது பேரின் பேனாவும் நிற்காது.

அறைக் கண்காணிப்பாளர்களாக வரும் உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. எழுதாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் அருகில் போய் நின்று, "ஏன் சும்மா உட்கார்ந்திருக்கே?" என்று கேட்காதீர்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுங்கள். வினாத்தாளைக் கொடுத்ததும், விதிகளை அடுக்குவதற்கு முன், "முழுசா படிங்க, தெரிஞ்சதுல இருந்து தொடங்குங்க, நேரம் இருக்கு" என்ற ஒன்றை மட்டும் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். நினைவு வராத வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் அது பெரும்பாலும் வந்துவிடும் என்று அந்த வாரத்திலேயே உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். ஏன் அப்படி வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தன் உடலில் நடப்பது இன்னதென்று தெரிந்த பிள்ளை, "எல்லாம் மறந்துபோச்சு" என்று கைவிடாமல் காத்திருக்கும்.

தேர்வுக்கு முன் மாவட்டந்தோறும் முதன்மைக் கண்காணிப்பாளர்களுக்காக நடக்கும் கூட்டத்தில் இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். எங்கள் மாவட்டத்தில் அழைத்தால், எலிகளின் சோதனை தொடங்கி வாயில் சோதனை வரை விளக்கிச் சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன். பிற மாவட்டங்களிலும் இதைச் சொல்லக்கூடிய உயிரியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியை ஒருவர்